முறிந்த உத்திரங்களும் ஒரு கோழிக்கூண்டும்

கோழிகளுக்கு மைலோவைப் பிடிக்கவில்லை. அவனுக்கும் அவற்றைப் பிடிக்காது என்பதால் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் கூண்டுக்குள் மண்டியிட்டுக் கிடந்தவன் அவன்தான். சிவப்புச் சேவல் ஒன்று அவனுடைய ஷூ நாடாவைப் புழு என்று நினைத்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே ஓரிகன் மழை, பெய்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாதபடி தூறிக்கொண்டிருந்தது.

“பாஸ், விசாரணைக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க. இவன் எதைக் கேட்டாலும் கொக்கரக்கோங்கறான். வக்கீல் இல்லாம வாயைத் திறக்க மாட்டான்போல.”

“டார்ச்சை மேலே அடி,” என்றாள் கிரெட்டா வாலின்.

கிரெட்டாவைப் பற்றி மைலோவுக்கு ஒரே ஒரு குறைதான். அவன் அடிக்கும் ஜோக்குக்கு அவள் அன்றைக்குச் சிரித்ததே கிடையாது. மறுநாள், எங்கோ ஒரு சிக்னலில் வண்டி நிற்கும்போது திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். கேட்டால் நேற்றைய ஜோக் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்பாள். தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். எரிந்த வீடுகளையே பார்த்துப் பார்த்து, எதையும் ஆறவிட்டுத் தொடுகிற பழக்கம் வந்துவிட்டது.

ஆனால் இந்த வழக்கில் ஆறவிட நேரம் இல்லை.

போன மாதம் ஆல்டர் ஃபோர்டில், விவசாயிகள் சங்க மண்டபத்தின் புத்தம் புது மாடித் தளம் நடனம் களைகட்டியிருந்த நேரத்தில் அப்படியே கீழே இறங்கிவிட்டது. கை கால் முறிந்தவர்கள் நிறையப் பேர். செத்தவர் ஒருவர், அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த ஆர்விட் நைகார்ட். மைலோவின் அக்கா ஃபெர்னுக்கு மாமனார். மைலோவுக்கு மீன் பிடிக்கவும் பொய் சொல்லவும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்த மனுஷர். இழவு வீட்டில்கூட மைலோ ஏதோ தமாஷ் பண்ணிக்கொண்டுதான் இருந்தான். அழுதால் நிறுத்தத் தெரியாது என்ற பயம் அவனுக்கு.

அந்தத் தளத்தைத் தாங்கி நின்றவை ஊர் ஆலையிலேயே செய்த பசை உத்திரங்கள். மேலே ஒரு மரச் சட்டம், கீழே ஒரு மரச் சட்டம், நடுவில் மெல்லிய பலகையைச் சட்டங்களின் பள்ளத்தில் செருகிப் பசை வைத்து ஒட்டியது. ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம், படுக்க வைத்தால் வீட்டையே தாங்கும் என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. ஆலையிலிருந்து எடுத்து வந்த உத்திரங்களைச் சோதனைக்கூடத்து இயந்திரத்தில் வைத்து, முறியும்வரை அமுக்கி, எவ்வளவுக்கு முறிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் கட்டட விதிப்படி ஒப்புதல். கையெழுத்துப் போட்டவள் லார்னா டீகார்டன். இந்தக் கூண்டும் கோழிகளும் அவளுடையவை.

உத்திரம் நல்ல உத்திரம், சங்கத்துக்காரர்கள்தான் அளவுக்கு மீறி ஆளை ஏற்றி ஆடவிட்டார்கள் என்றது ஆலை. ஊர் அதை நம்பவில்லை. லார்னா ஒன்றையும் முறித்துப் பார்க்கவில்லை, மேஜையில் உட்கார்ந்து எண்களை எழுதித் தள்ளிவிட்டாள் என்று பேசிக்கொண்டது. அவள் போகிற கடையில் பேச்சு நின்றது. அவள் வீட்டுத் தபால் பெட்டியை யாரோ உடைத்துப் போட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் கிரெட்டாவுக்குத் தூக்கம் போயிருக்காது. அதே ஆலை உத்திரங்கள்தான் ஆல்டர் ஃபோர்ட் பள்ளிக்கூடத்தின் புது மாடியிலும் இருந்தன. திங்கட்கிழமை அந்த மாடி திறப்பு. திறக்கலாமா வேண்டாமா என்று மாவட்டக் கட்டட அதிகாரி ஓகாவா இன்று மாலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஃபெர்னின் மகள் டெஸ்ஸிக்கு அங்கேதான் பாட்டு வகுப்பு.

லார்னா பொய் எழுதியிருந்தால் மாடி மூடப்படும். உண்மை எழுதியிருந்தால் ஆலை சொல்வது சரியாகி, மாடி திறக்கும். யோக்கியமானவள் என்று நிரூபிக்கச் சொல்லித்தான் லார்னா கிரெட்டாவை அமர்த்தியிருந்தாள். நிரூபித்தால் குழந்தைகள் அந்த மாடியில் ஏறுவார்கள். அந்த மாடியை நேற்றுப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கிரெட்டா சரியாகச் சாப்பிடவில்லை.

“தூங்கவும் இல்ல நீங்க,” என்றான் மைலோ, கூண்டுக் கூரையில் டார்ச்சை ஓட்டியபடி. “எங்க ஆல்டர் ஃபோர்டா இருந்தா, ஆலை கொட்டாவி விடற நேரம் பாத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கலாம்.”

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. லார்னா குடையைப் பிடித்துக்கொண்டு முட்டைக் கூடையுடன் கூண்டுக்கு வெளியே நின்றிருந்தாள். முறித்த உத்திரங்களைக் குப்பையில் போட மனசு வராது என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பசை வைத்த மரம், அடுப்பில் எரித்தால் புகை நாறும். அதனால் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கோழிக்குக் கூண்டு கட்டினாள். சோதனைக்கூடத்தில் எல்லோரும் இப்படித்தான், ஒருவர் நாய்க்கு வீடு, ஒருவர் தக்காளிக்குப் பந்தல். மைலோவுக்கு இது நல்ல சாக்காகப் பட்டது. முறிக்காத உத்திரத்தை வைத்தும் கூண்டு கட்டலாமே.

ஆனால் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் அரை அரையாக, முறிந்த முனையைச் சுவர்ப் பக்கம் தள்ளி ஆணி அடித்திருந்தது. கிரெட்டா குனிந்து உள்ளே வந்தாள். கோழிகள் அவளுக்கு மட்டும் மரியாதையாக வழி விட்டன.

“முறிஞ்ச இடத்தைத் தொட்டுப் பார்.”

மைலோ தொட்டான். மரம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. வேகாத இறைச்சியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் பலகை சட்டத்தின் பள்ளத்துக்குள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. மரம் செத்திருந்தது. பசை சாகவில்லை.

“இப்ப நம்ம வண்டியில இருக்கிறதை எடுத்துட்டு வா.”

வண்டியின் பின்னால் சங்க மண்டபத்து இடிபாட்டிலிருந்து எடுத்த ஒரு துண்டு கிடந்தது. மைலோ அதைத் தூக்கியபோது சட்டம் கையோடு வந்தது, பலகை வண்டியிலேயே தங்கிவிட்டது. பிய்யவும் இல்லை, நார் தெரியவும் இல்லை. மேஜை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பள்ளத்துக்குள் பசை மாவாக உதிர்ந்தது. இதை அவன் முன்பே பார்த்திருந்தான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இல்லாததால், பசை உத்திரம் என்றால் இப்படித்தான் உடையும்போல என்று விட்டுவிட்டான்.

லார்னா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். விரலைப் பள்ளத்தில் ஓட்டி, ஒட்டிய தூளைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

“இது என் கைக்கு வரவே இல்லை,” என்றாள். “இந்த மாதிரி ஒண்ணு என் இயந்திரத்துல ஏறியிருந்தா, பாதி அமுக்கறதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். சூட்டு அறையில இருக்க வேண்டிய நேரம் இது இருக்கலை. பசை வேகறதுக்கு முன்னால வெளியே தள்ளிட்டாங்க.”

ஒரே ஆலை. ஒரே முத்திரை. ஒன்று கல், ஒன்று மாவு. லார்னா பொய் எழுதவில்லை என்பது அந்தக் கோழி எச்சத்தின் நடுவிலேயே முடிவாகிவிட்டது. மைலோ சந்தோஷப்படப் பார்த்தான். கிரெட்டாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. அவள் கூண்டுச் சட்டம் ஒன்றின் பக்கவாட்டில் மையால் அடித்திருந்த வரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உத்திரத்திலும் ஆலை அடிக்கிற வரி அது, என்றைக்கு, எந்த வேளையில் செய்தது என்று.

“இங்க இருக்கிற வரி எல்லாத்தையும் படி,” என்றாள்.

மைலோ கூண்டு முழுக்கத் தவழ்ந்து படித்தான். வருஷம் வேறு, மாதம் வேறு. வேளை மட்டும் மாறவில்லை. எல்லாமே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் செய்தவை.

“இந்த ஆலை ராத்திரி பகலா உத்திரம் போடுது,” என்றான். “ஆனா இங்க இருக்கிற பிள்ளைங்க எல்லாம் ஒரே நேரத்துல பிறந்ததுங்க.”

மண்டபத்துத் துண்டு சாயங்காலம் செய்தது.

சோதனைக்கு உத்திரம் பொறுக்குவது லார்னா இல்லை. அதற்கென்று ஒரு பரிசோதகர் இருக்கிறார், ஹார்லன் பிக்ஸ்பி. ஆலைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போய் நிற்பார். உத்திரங்கள் வரிசையாகச் செய்து வெளியே வரும் ஓட்டத்திலிருந்து தன் கையால் பொறுக்கி எடுத்து, தன் முத்திரையைக் குத்தி அனுப்புவார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் விதியின் உயிரே. என்றைக்கு வருவார் என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது என்றாள் லார்னா.

“என்னைக்குன்னு யாருக்கும் தெரியாது,” என்றான் மைலோ. “எப்பன்னு ஊருக்கே தெரியும். முதல்ல எங்க அக்கா கடையில பெர்ரி கேக். அதைத் தின்னாத்தான் மனுஷனுக்கு நடக்கவே வரும். அப்புறம்தான் ஆலை.”

“நீ கொஞ்ச நேரம் முன்னால கொட்டாவின்னு ஏதோ சொன்னியே.”

“கேட்டீங்களா அதை?”

“சொல்லு.”

அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று மைலோவுக்குத் தோன்றியது. ஆல்டர் ஃபோர்டில் பிறந்தவர்களுக்கு ஆலையின் ரீங்காரம் காதில் விழாது, மூச்சு மாதிரி அது பாட்டுக்கு ஓடும். எப்போதாவது ஒரு நாள், மத்தியானத்துக்கு முன்னால், அந்தச் சத்தம் திடீரென்று தாழ்ந்துவிடும். அலமாரியில் கிண்கிணுத்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர்கள் அமைதியாகும். ஊர்க்காரர்கள் அதற்கு ஆலையின் கொட்டாவி என்று பேர் வைத்திருந்தார்கள். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் போடுவார்கள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சத்தம் மறுபடி ஏறிவிடும்.

சொல்லிக்கொண்டே வந்தவன், சொல்லி முடிப்பதற்குள் தானே நிறுத்திவிட்டான். ஆலையின் சத்தம் தாழ்கிறது என்றால் ஓட்டம் மெதுவாகிறது. ஓட்டம் மெதுவானால் உத்திரம் சூட்டு அறையில் அதிக நேரம் கிடக்கும். பசை வேகும். அந்தக் கொட்டாவியைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் அவன். ஊரே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“யாரோ ஹார்லன் வர்றதை முன்னாடியே சொல்லிடறாங்க,” என்றான். “காசு வாங்கிட்டு ஹார்லனே சொல்லிட்டு வர்றாரோ?”

கிரெட்டா லார்னாவிடம் திரும்பி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். லார்னா வீட்டுக்குள் போய் ஹார்லனுக்கு ஃபோன் போட்டாள். இன்றைக்கு ஆலைக்குப் போங்கள், என்றைக்கும் போகிற மாதிரியே போங்கள், ஒன்றையும் மாற்றாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள்.  அவர் சரி என்றார் போலிருக்கிறது.

வண்டி மலையைச் சுற்றி ஆல்டர் ஃபோர்டுக்குள் இறங்கும்போது கிரெட்டா கேட்டாள், “நீ வண்டியிலேயே இருந்துடறியா, மைலோ?”

“கேக் இருக்கிற இடத்துல என்னை வெளியே நிறுத்தறது சித்திரவதை பாஸ். சட்டப்படி செல்லாது.”

அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம் என்று அவனுக்கு அப்புறம் பல தடவை தோன்றியது.

ஃபெர்னின் கடையில் இரண்டு லாரிக்காரர்கள் முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் ஆர்விட்டின் தொப்பி இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை. ஃபெர்ன் தம்பியைப் பார்த்ததும், மெலிந்துவிட்டான், கோழி நாற்றம் அடிக்கிறது என்று இரண்டு குற்றச்சாட்டுகளை ஒரே மூச்சில் வைத்துவிட்டுக் காபியை ஊற்றினாள். கிரெட்டாவுக்கு ஊற்றும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“லார்னா விஷயம் என்ன மேடம் ஆச்சு? அவதான் செஞ்சான்னா எனக்கு நேரா வந்து சொல்லிடுங்க. அந்த மனுஷன் என்னை மருமகளா நடத்தினதே கிடையாது. பெத்த பொண்ணு மாதிரி வச்சிருந்தார்.”

“அவ செய்யலை,” என்றாள் கிரெட்டா.

ஃபெர்ன் தலையாட்டினாள். அப்படியானால் பள்ளி மாடிக்குப் பயமில்லையே என்று கேட்டாள். டெஸ்ஸி தாத்தாவின் அக்கார்டியனைப் பாட்டு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். கிரெட்டா காபியைப் பார்த்துக்கொண்டே, சாயங்காலம் தெரியும் என்றாள்.

கதவு மணி அடித்தது. ஹார்லன் பிக்ஸ்பி மழைக்கோட்டைக் கதவுக்கு வெளியிலேயே உதறிவிட்டு உள்ளே வந்தார். ஒல்லியான மனுஷர், சட்டையின் மேல் பொத்தானைக்கூட அவிழ்க்காதவர். கிரெட்டாவைத் தெரியாதவர்போல ஜன்னலோரம் உட்கார்ந்து பெர்ரி கேக் கேட்டார். இரண்டாவது காபி இனாம் என்று பலகை தொங்கினாலும் அதற்கும் சில்லறையை எண்ணி மேஜையில் வைத்தார். என்றைக்கும் அப்படித்தான்.

மைலோ அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்படிச் செய்தி போகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். லாரிக்காரனுக்குக் கண் காட்டுகிறாரா? மழைக்கோட்டை ஏதாவது அடையாளமாக மாட்டினாரா? ஹார்லன் கேக்கை முள்கரண்டியால் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினார். ஒவ்வொரு சதுரத்தையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். அதைத் தவிர அவர் ஒன்றுமே செய்யவில்லை.

மைலோவின் காபிக் கோப்பைக்கு அடியில் சாஸர் கிண்கிணுத்துக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

கடைக்குள் யாரும் தலை நிமிரவில்லை. லாரிக்காரர்கள் தின்றார்கள். ஹார்லனும் தின்றார். அவருக்குத் தெரிய நியாயமே இல்லை என்று மைலோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஆலை அடங்கிவிடுகிறது. உள்ளே போய் அவர் கேட்பதெல்லாம் அந்த அடங்கிய சத்தத்தைத்தான். ஆலை நிஜமாக எப்படிக் கத்தும் என்று அந்த மனுஷர் ஒரு தடவைகூட அருகில் கேட்டதில்லை.

அப்படியானால் வேறு யாரோ. மைலோ சரேலென்று திரும்பினான், சொல்வதற்கு ஒரு நல்ல ஜோக்கையும் தயாராக வைத்துக்கொண்டு.

சமையலறை வாசலில், சுவரில் மாட்டிய ஃபோனின் ரிசீவரை ஃபெர்ன் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜோக் வாயிலேயே செத்துப்போனது. அவன் கிரெட்டாவைப் பார்த்தான். அவள் ஃபோன் பக்கம் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியிலேயே இருந்துவிடுகிறாயா என்று எதற்குக் கேட்டாள் என்று இப்போது தெரிந்தது. அவன் எழுந்து ஃபெர்னிடம் போனான். 

“யாருக்கு அக்கா ஃபோன்?”

“ஆலைக்குத்தான்டா. வெண்டலுக்கு.” வெண்டல் க்ராஃப் ஆலையின் மேற்பார்வையாளர். “ஹார்லன் வந்து உக்காந்தா ஒரு வார்த்தை சொல்லும்மான்னு கேட்டிருந்தார், கடை திறந்த புதுசுல. மழையில வர்ற மனுஷன், போனதும் சூடா ஒரு காபி குடுக்கணும்னு. போட்டு வைக்கறதுக்குத்தான்.” அவன் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு கலைந்தது. “ஏன்டா? என்னாச்சு?”

மைலோ ஹார்லனைத் திரும்பிப் பார்த்தான். 

கிரெட்டா முக்காலியைத் திருப்பினாள். உரக்கப் பேசவில்லை, ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

“மிஸ்டர் பிக்ஸ்பி, ஆலையில காபி எப்படி இருக்கும்?”

ஹார்லன் வாயைத் துடைத்துக்கொண்டார். கேள்வி அவரைக் கொஞ்சம் புண்படுத்தியதாகத் தெரிந்தது.

“எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்துல அந்த ஆலையில நான் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை. அவங்களும் குடுத்ததில்லை. நான் வாங்க மாட்டேன்னு வெண்டலுக்கு நல்லாத் தெரியும்.”

ஃபெர்ன் கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“காபிக்குன்னுதானே சொன்னார்,” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

சொல்ல வேண்டியதைக் கிரெட்டாதான் சொன்னாள். கோழிக்கூண்டில் பார்த்தது, மண்டபத்துத் துண்டு, சூட்டு அறை, கொட்டாவி எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல், ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடுவில் ஹார்லன் எழுந்து ஜன்னலைத் திறந்து, அடங்கி ஓடும் ஆலையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல உத்திரம் என்று தன் கையால் அவர் குத்திய முத்திரைகள் எத்தனை ஊரில், எத்தனை தளத்துக்கு அடியில் இருக்கின்றனவோ.

ஃபெர்ன் கேட்டுக்கொண்டே ஆர்விட்டின் தொப்பியைப் பார்த்தாள். அழவில்லை. மைலோவுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

“அந்த மண்டபத்து உத்திரம் செஞ்ச வருஷமும் நான்தான் ஃபோன் பண்ணினேன்,” என்றாள். “நான் பண்ணாம இருந்திருந்தா இவர் ஓட்டத்தைப் பாத்திருப்பார். பசையைப் பாத்திருப்பார்.”

“அக்கா, உனக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் செஞ்சிருப்பாங்க.”

“யாரோ செய்யலையே. நான்தானே செஞ்சேன்.”

பள்ளி மாடியை நிறுத்த என்ன வேண்டும் என்று அவள் கிரெட்டாவிடம் கேட்டாள். கிரெட்டா தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு உடைந்த துண்டைக் காட்டினால் ஆலை வக்கீல் அது ஒன்று மட்டும் கெட்டது என்பார். சத்தம் தாழ்ந்தது என்றால் ஓகாவா எழுதிக்கொள்ள முடியாது. ஹார்லன் வருவதை யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று ஒருவர் வாயால் வந்தால், வாங்கிய ஒப்புதல் அத்தனையும் அந்த நிமிஷமே செல்லாது. ஆனால் சொன்னவர் பெயர் ஊரெல்லாம் நாறும். ஆலை மூடும். ஃபெர்னின் கணவன் லைல் அதே ஆலையில்தான் ராத்திரி ஷிஃப்ட், அதுவும் போகும். லைல் ஆர்விட்டின் மகன் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

“நான் பண்ணினேன்னு சொல்லிடுங்க பாஸ்,” என்றான் மைலோ. “ஹார்லன் இங்க வந்து கேக் திங்கும்போதெல்லாம் நான்தான் ஃபோன் பண்ணினேன். நம்புவாங்க. என்னைப் பத்தி எதைச் சொன்னாலும் இந்த ஊர் நம்பும்.”

கிரெட்டா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஃபெர்ன் தம்பியின் கன்னத்தை ஈரக் கையால் தட்டினாள்.

“உனக்கு வெந்நீர் போடவே தெரியாது. உன்னை நம்பி வெண்டல் காபி போடுவாரா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஃபோனிடம் போனாள். விரல் எண்களை அமுக்கியது, அமுக்கிக்கொண்டே போய், பாதியில் திடுக்கிட்டு நின்றது. பழக்கத்தில் ஆலை நம்பருக்குப் போயிருந்தது. அவள் துண்டித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, ஓகாவா நம்பரைச் சொல்லு என்றாள். மைலோ தன் குரல் உடையாமல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான்.

“மிஸ்டர் ஓகாவா இருக்காரா? நான் ஆல்டர் ஃபோர்ட்லேர்ந்து ஃபெர்ன் நைகார்ட் பேசறேன். சாப்பாட்டுக் கடை.” அவள் குரல் கடை ஆர்டர் எடுக்கிற குரலாகவே இருந்தது. “திங்கட்கிழமை அந்த மாடியைத் திறக்காதீங்க சார். ஏன்னு சொல்றேன், எழுதிக்கோங்க. ஹார்லன் பிக்ஸ்பி வந்தார்னா ஆலைக்குச் சொல்லிட்டு இருந்தது நான்தான்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஃபெர்ன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா சார். அக்கார்டியன் வாசிச்சாரே, அந்த நைகார்ட்தான். அவரோட மருமக.”

மைலோ தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரும் உட்காராத அந்த முக்காலியில் உட்கார்ந்தான். திறந்த ஜன்னல் வழியாக ஆலையின் சத்தம் வந்தது. ஹார்லனை எதிர்பார்த்து, அது இன்னும் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.